காய்ச்சக் கூடாத மாவு

எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் ரொம்ப நாளாக என்னை ஒரு கோபி மஞ்சூரியன் வண்டிக்காரி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இத்தனை பாக்கெட் கார்ன் ஃப்ளாரை ஒரு வீட்டில் வேறு எதற்கு வாங்குவார்கள்? "கடை எங்கக்கா போடறீங்க, கேம்ப் ரோட்லயா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். "பொண்ணுக்கு மருந்து" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் என் தலை தெரிந்தாலே பாக்கெட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார்.

மருந்துதான். நாம் சாப்பிட்டு மிஞ்சும் சர்க்கரையை ஈரல் செல்கள் கிளைகோஜன் என்ற பொருளாகக் கட்டி உள்ளேயே வைத்துக்கொள்ளும். பசிக்கும்போது அதை உடைத்து ரத்தத்துக்கு அனுப்பும். என் மகளின் செல்களுக்குக் கட்டி வைக்கத் தெரியும், உடைத்து அனுப்பத் தெரியாது. அதற்கு வேண்டிய நொதி பிறவியிலேயே இல்லை. ஈரல் நிறைய சேமிப்பு இருக்கும், பிள்ளை சர்க்கரை இறங்கி மயங்கி விழும்.

வழி ஒன்றுதான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பச்சை கார்ன் ஃப்ளாரைப் பச்சைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும். பச்சை மாவு குடலில் மெதுவாகக் கரைந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை தரும். அடுப்பில் வைத்துக் காய்ச்சிவிட்டால் ஒரே மூச்சில் கரைந்து, சர்க்கரை ஏறின வேகத்திலேயே இறங்கிவிடும். இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். பச்சை மாவை யாராவது குழந்தைக்குக் கொடுப்பார்களா என்று என்னைப் பார்ப்பார்கள், ஏதோ சிமென்டைக் கரைத்துக் கொடுப்பவளைப் பார்ப்பதுபோல.

எனக்கு உட்கார முடியாத வியாதி அதனால் வந்ததுதான். ஒன்பது, ஒன்று, ஐந்து என்று போனில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே எழுந்துவிடுவேன். லேபில் கூட வேலை பார்ப்பவர்கள் எனக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

லேப் தாம்பரத்தில். உடம்பிலிருந்து எடுத்து அனுப்பும் சதைத் துணுக்கை மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடாக டாக்டரிடம் கொடுப்பது என் வேலை. வெளியே இருப்பவர்கள் செல் என்றால் ஏதோ தண்ணீர்ப் பை என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. உள்ளே நூல் நூலாக ஒரு சட்டம் இருக்கிறது. உட்கருவை இடத்தில் நிறுத்துவதும், செல் சப்பிப்போகாமல் பார்த்துக்கொள்வதும், உள்ளே பொருட்களை இங்கிருந்து அங்கே நகர்த்துவதும் அந்த நூல்கள்தான். எங்கள் சாதாரணச் சாயத்தில் அவை கண்ணுக்குத் தெரியாது. சேமிப்பும் பாதி தெரியாது. கொழுப்பை நாங்கள் உபயோகிக்கும் திரவங்கள் கரைத்துக்கொண்டு போய்விடும், வட்டமாக ஓட்டை மட்டும் நிற்கும். கிளைகோஜனைத் தண்ணீரே அடித்துக்கொண்டு போய்விடும், கிழிந்த துணி மாதிரி ஒரு வெளிறல் மிஞ்சும். தோலின் கருமைத் துகள்கள் மட்டும் எதற்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஓட்டையைப் பார்த்து அங்கே என்ன இருந்தது என்று சொல்ல நான் பழகியிருந்தேன்.

மகளுக்கு இரண்டு வயதில் பெரிய மருத்துவமனையில் எடுத்த ஈரல் ஸ்லைடை இரவல் வாங்கி வந்து எங்கள் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். செல்கள் ஊதிப் பருத்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல வெளிறிக் கிடந்தன. வேறு யாருடையதாக இருந்தாலும் குறித்துக்கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அன்றைக்குக் கண்ணை எடுக்கவே முடியவில்லை. "சொந்தத்துல கல்யாணமா?" என்று அந்த மருத்துவமனை டாக்டர் கேட்டது வேறு காதிலேயே நின்றது. ஆமாம், அத்தை மகனைத்தான் கட்டிக்கொண்டேன். டாக்டரிடம் கோபித்துக்கொள்ள முடியாததால் எல்லோரிடமும் கோபித்துக்கொண்டேன்.

அதிகமாக அந்தக் கோபத்தை வாங்கிக்கொண்டவள் என் நாத்தனார். கணவரின் தங்கை, சின்ன வயதில் என்னோடு விளையாடியவள், இப்போது மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். "ஒரு நாள் எங்கிட்ட விடுங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் விடவில்லை. மகளுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை, கணவருக்கும் எனக்கும் ஒன்றாக வேலை வந்து மாட்டியது. வேறு வழியில்லாமல் காலையில் கொண்டுபோய் விட்டேன். ஒரு மணிக்கு ஒரு டப்பா, ஐந்து மணிக்கு ஒரு டப்பா, அளந்து போட்ட மாவு. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மெஷின். அவசரத்துக்குக் குளுக்கோஸ். எல்லாவற்றையும் மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை ஆரம்பித்தபோது மகளே, "ம்மா, கெளம்பு" என்றாள்.

ஒரு மணிக்கு நாத்தனாரிடமிருந்து வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் வந்தது. கொடுத்துவிட்டாள். ஆனாலும் மனசு வேலையில் நிற்கவில்லை. இரண்டு மணிக்குமேல் பொறுக்க முடியாமல் கூப்பிட்டேன்.

"சமத்தா குடிச்சிட்டா அண்ணி. ஒரு சொட்டு வைக்கல."

"வழக்கமா முகத்த சுளிப்பாளே?"

"பச்சையா எப்படி அண்ணி குடுக்கறது, பாவம். கொஞ்சம் பால் விட்டு, சக்கரை போட்டுக் கஞ்சி மாதிரி காய்ச்சிக் குடுத்தேன். குடிச்சதும் நல்லா தூங்கிட்டா."

தூங்கிவிட்டாள் என்ற வார்த்தையைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்லைடை மேஜைமேல் போட்டேன். அது தூக்கமா மயக்கமா? பகலில் தூங்குகிற பிள்ளையே இல்லை அவள். "எழுப்பு! உடனே எழுப்பு! விரல்ல குத்திப் பாரு, குளுக்கோஸ வாயில போடு!" என்று கத்தினேன். லேபே திரும்பிப் பார்த்தது. "ஐயோ அண்ணி" என்று ஒரு குரல், ஏதோ கீழே விழுகிற சத்தம், போன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

ஸ்கூட்டியை எடுத்தேன். கேம்ப் ரோட்டில் சிக்னல், ராஜகீழ்ப்பாக்கத்தில் தோண்டிப் போட்ட பள்ளம், சந்தோஷபுரத்தில் ஒரு கல்யாண மண்டப வாசல் முழுக்கக் கார். நின்ற இடத்திலெல்லாம் போனை எடுத்து அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. கணவருக்கும் அடித்தேன், வேலை நேரத்தில் அவர் போன் லாக்கரில் இருக்கும் என்று தெரிந்தே அடித்தேன். நாத்தனாரைத் திட்ட வேண்டிய வார்த்தைகளை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றும் அதற்கு முந்தினதைவிட மோசம். மேடவாக்கம் நெருங்கும்போது ஒரு தண்ணீர் லாரி ஏதோ அபார்ட்மெண்டுக்குள் பின்பக்கமாக நுழைவதற்காக ரோட்டையே அடைத்துக்கொண்டு நின்றது. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அழுத்தினேன்.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "இன்னாம்மா, லாரி மேல ஏறியா போவப் போற? திரும்பினு கீது பாரு."

"என் பொண்ணு மயக்கமா கெடக்கா!"

அவர் உடனே வண்டியை அணைத்தார். இறங்கிப் போய் லாரியின் பக்கவாட்டைத் தட்டி, "யோவ், நிறுத்துய்யா! இந்தம்மா போவட்டும்!" என்று கத்தினார். லாரி நின்றது. சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டி நுழையும் இடைவெளி. அவருக்கு நன்றி சொன்னேனா என்று இன்றுவரை நினைவில்லை.

நாத்தனார் வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. மகள் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முடி வேர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது, உதடெல்லாம் வெள்ளையாகக் குளுக்கோஸ். கண் திறந்திருந்தது. "ம்மா" என்றாள். தரையில் நாத்தனார், கையில் மெஷின், அழுது அழுது முகம் வீங்கி. பிள்ளையின் மூன்று விரலில் ரத்தப் புள்ளி. எங்கே குத்துவது என்று தெரியாமல் குத்தியிருக்கிறாள், ஆனாலும் விடாமல் பார்த்திருக்கிறாள். போனை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நான் இன்னொரு தடவை பார்த்தேன். சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது.

சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நாத்தனார்தான் என் காலைப் பிடித்துக்கொண்டு, "என்னத் திட்டுங்க அண்ணி" என்றாள். நான் திட்டவில்லை என்பதற்காகவே இன்னும் அழுதாள்.

"அத்தைய ஒண்ணும் சொல்லாதம்மா" என்றாள் மகள். "அவங்க காய்ச்சும்போதே எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"காய்ச்சக் கூடாதுன்னு."

"தெரிஞ்சுமா குடிச்ச? ஏன்டி சொல்லல?"

அவள் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏலக்காய் போட்டாங்கம்மா. சூடா இருந்துச்சு. சொன்னா கொட்டிடுவாங்கல்ல."

வெறும் குளுக்கோஸ் ரொம்ப நேரம் தாங்காது, நான் சமையலறைக்குப் போனேன். ஐந்து மணிக்கு வைத்திருந்த டப்பாவைத் திறந்து, டம்ளரில் கொட்டி, பச்சைத் தண்ணீர் விட்டுக் கலக்கினேன். கட்டி தட்டாமல் கலக்குவதில் நான் கெட்டிக்காரி. கொண்டுவந்து நீட்டினேன். அவள் கண்ணை மூடினாள், மூச்சை அடக்கினாள், ஒரே இழுப்பாகக் குடித்தாள், புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிடிவாதம் இல்லாத பிள்ளை, கொடுத்தால் குடித்துவிடும் என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டது இதைத்தான்.

டம்ளரின் அடியில் வெள்ளையாக ஒரு வாய் தங்கியிருந்தது. ஐந்து வருடமாக நான் கலக்குகிறேன், ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. சமையலறையில் நின்றுகொண்டு அதைக் குடித்தேன். சுண்ணாம்பு. நாக்கில் ஒட்டி, தொண்டையில் ஒட்டி, பல்லுக்கு இடையில் போய் நெறநெறத்தது. ஒரு வாய்க்கே எனக்குக் குமட்டியது. குழாயைத் திறந்து விட்டு, வெளியே சத்தம் கேட்காதபடி அழுதேன்.