வீட்டை அடகு வைத்துக் கட்டிய வீடுகள்

யுத்த காலத்தில், குண்டு விழும் என்று பயந்து பட்டணத்து ஜனங்கள் ரயிலேறி எங்கள் பக்கம் ஓடிவந்தபோது, நானும் புத்தி கெட்டு ஒரு காரியம் செய்தேன். அம்பத்தூரில் இருந்த சொந்த வீட்டை அடகு வைத்து, பட்டாபிராமில் வாடகைக்கு விட மூன்று சின்ன வீடுகள் கட்டினேன்.

"வேணாங்க. பயம் தெளிஞ்சா அவங்கவங்க ஊட்டுக்குப் பூடுவாங்க" என்றாள் என் மனைவி.

"உனக்கு இன்னா தெரியும்?" என்று அவள் வாயை அடைத்தேன்.

சுவர் காய்வதற்குள் ஜனங்களுக்குப் பயம் தெளிந்துவிட்டது. ஓடிவந்தவர்கள் எல்லாரும் பட்டணத்துக்கே திரும்பிப் போனார்கள். வட்டி கேட்டு ஆள் வாசலுக்கே வந்தான். எரிச்சலில் யுத்தத்தைத் திட்டினேன், குழம்பில் உப்பில்லை என்று அவளையும் திட்டினேன்.

ஒரு நாள் காலையில் அவள் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்து வாசலை மறித்து நின்றேன்.

"எங்கே கெளம்பிட்டே?"

"பட்டாபிராமுக்குத்தான். நாம அந்தச் சின்ன ஊட்ல இருந்துக்கலாம். ஆவடி மிலிட்டரி வேலைக்கு வந்துகீற கன்ட்ராக்டரு இந்தப் பெரிய ஊட்டை வாடகைக்குக் கேக்குறாரு. அந்தப் பணத்துல கடனைக் கட்டுங்க."

மூன்று வருஷத்தில் கடன் தீர்ந்தது. மீட்ட பத்திரத்தை அவளிடம் நீட்டினேன். "பொட்டியில வெச்சிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அன்று அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால், இன்றுவரை எனக்கு இவ்வளவு வெட்கம் இருந்திருக்காது.