சுறாவின் மூக்கு

முழங்காலுக்கு மேல் கடலில் இறங்குவதில்லை என்று சிலுவை சத்தியம் செய்திருந்தார். குருசடிக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி, மனைவி ஞானசெல்வியின் தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் அது. ஒரு கார்த்திகைப் புயலில் அவருடைய வள்ளம் கவிழ்ந்தது. காலி மண்ணெண்ணெய் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்த அவரைக் கொல்லத்து மீனவர்கள் தூக்கிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கூடப் போனது ஞானசெல்வியின் தம்பி. அவன் வரவில்லை.

அதற்குப் பிறகு வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, வள்ளம் கட்டும் பட்டறைக்குப் போனார் சிலுவை. பைபர் வேலை. ரெசின் பசையின் நெடி தலையைப் பிடிக்கும், கண்ணாடி நார் தோலில் ஏறி இராத்திரி முழுக்க அரிக்கும். ஞானசெல்வி அவருடைய சட்டையைத் தனியாகத் துவைப்பாள். ஆனால் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அரிப்போடு வந்தாலும் ஆள் வீட்டுக்கு வந்தாரே, அவளுக்கு அது போதும்.

பட்டறைக்காரர் தொழிலைக் கேரளத்துக்குக் கொண்டுபோனபோது சிலுவைக்கு மறுபடி கடல்தான் என்று ஊர் நினைத்தது. அந்த நேரத்தில்தான் ஸ்ரீஜித் அவரை வேலைக்குக் கூப்பிட வந்தான்.

ஸ்ரீஜித் இன்ஜினியரிங் படித்த இளைஞன். நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு ஷெட் போட்டு, மணலிலும் சேற்றிலும் ஓட்டி விளையாடுகிற நாலு சக்கர குவாட் பைக் செய்துகொண்டிருந்தான். கடற்கரையில் சவாரி விடுகிறவர்களும் கேரளத்து மலை ரிசார்ட்காரர்களும் வாங்கினார்கள். வண்டிக்குச் 'சுறா' என்று பெயர். பூதப்பாண்டிப் பக்கம் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த முருகதாஸும் அதே மாதிரி வண்டி செய்தார். அதற்கு 'வேங்கை' என்று பெயர்.

இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. வேங்கை மணலில் புதைந்து கிடப்பதையும் அதை மாடு கட்டி இழுப்பதையும் ஸ்ரீஜித் வீடியோ எடுத்து எல்லார் போனுக்கும் அனுப்பினான். "சுறாவுக்குத் தண்ணியில போனாத்தான் மூச்சு வரும், கரையில ஏறினா கருவாடு" என்று முருகதாஸ் டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். இவன் பெரிய இன்ஜின் வைத்தால் அவர் விலையைக் குறைப்பார். அவர் விலையைக் குறைத்தால் இவன் ஒரு ஹெல்மெட் இலவசம் என்பான். இரண்டு பக்கமும் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

சுறாவை மேலே தூக்கிவிட்டது சிலுவை செய்த முன்பக்க பைபர் பாடி. வள்ளத்தின் முன்மூக்கான அணியத்தைப் போல அதைக் கொஞ்சம் விரித்து, கீழே ஒடுக்கிக் கொடுத்திருந்தார். அதனால் தண்ணீரும் சேறும் இரண்டு பக்கமும் பிரிந்து போகும், ஓட்டுகிறவன் முகத்தில் அடிக்காது. பார்க்கவும் மூக்கை நீட்டிக்கொண்டு பாயப்போகிற மாதிரி இருக்கும். எல்லாரும் அதைச் சுறா மூக்கு என்றார்கள். "அண்ணே, இனி நீங்க எங்கயும் போவண்டாம். நான் இருக்குத வர ஒங்களுக்கு இங்க வேலை உண்டு" என்று ஸ்ரீஜித் சொன்னான். அன்றைக்கு ஞானசெல்வி குருசடியில் இன்னொரு மெழுகுதிரி கொளுத்தினாள்.

முதலில் செய்த பாடியில் மூக்கின் இடது பக்கம் காற்றுக் குமிழி நின்று, பயறு அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. "இது வேண்டாம்ணே, தூரப் போடுங்க" என்றான் ஸ்ரீஜித். சிலுவைக்குப் போட மனமில்லை. ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பின்பக்கம் வைத்தார். கோழி அதில் முட்டையிட்டது.

கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுடைய வள்ளம் அலையை நன்றாக வெட்டிப் போகிறதென்றால், இன்னொருவன் வந்து மோல்டு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்பான். வள்ளத்தின் மேல் மெழுகு தேய்த்து, கண்ணாடி நார் விரித்து, ரெசின் பூசி, காய்ந்ததும் உரித்து எடுத்தால் அதுதான் மோல்டு. அதை வைத்து அதே மாதிரி எத்தனை வள்ளம் வேண்டுமானாலும் வார்க்கலாம். கேட்டால் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. புது வள்ளத்தின் முதல் மீன்பிடிப்பிலிருந்து நல்ல மீன் ஒன்று வீடு தேடி வரும். அவ்வளவுதான் கணக்கு. "அவனுக்க வள்ளத்துல ஏழெட்டு பேரு மோல்டு எடுத்தாச்சு" என்பது கரையில் ஒருவனுக்குக் கிடைக்கிற பெரிய மரியாதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிலுவை வீட்டுக்கு வந்தபோது, வாசலில் முருகதாஸ் ஒரு ஆளோடும் ஒரு மட்டி வாழைப்பழக் குலையோடும் நின்றிருந்தார்.

"சிலுவை, சுறாவுக்க மூக்கு ஒம்ம கைவேலயாமே?"

"எனக்க கைவேலதானாக்கும்."

"சும்மா சொல்லக்கூடாது ஓய். வண்டி எனக்கதுதான் நல்ல வண்டி, ஆனா மூக்கு அதுக்குத்தான் இருக்கு." முருகதாஸ் சிரித்தார். "ஒரு மோல்டு எடுத்துக்கிடட்டா?"

சிலுவைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடல் தொழிலை விட்டு வந்த பிறகு அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "அதுக்கென்ன? பொறத்த கெடக்கு. கோழிய வெரட்டிட்டு எடும்."

ஞானசெல்வி உள்ளே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். "மொதலாளிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டா என்ன? அவிய ரெண்டு பேரும் கீரியும் பாம்பும்லா."

"ஏட்டி, இது அவரு வேண்டாம்னு சொன்ன பாடி. செஞ்சதும் நான். பொறவு யாருட்ட கேக்க? போட்டியெல்லாம் ஓட்டத்துலதான். கரையேறினா எல்லாம் ஒண்ணுதான்."

அவர் அப்படித்தான் நம்பினார். கடலில் முந்திப்போய் வலை விரிக்கச் சண்டை போடுகிறவர்கள், கரைக்கு வந்ததும் ஒருவர் வள்ளத்தை ஒருவர் தள்ளி ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர். முருகதாஸின் ஆளுக்கு மெழுகு தேய்க்கத் தெரியவில்லை. சிலுவை சட்டையைக் கழற்றிவிட்டு அதையும் தானே தேய்த்துக் கொடுத்தார்.

கும்பப்பூ நெல்லறுப்பு முடிந்திருந்தது. மூணாறிலிருந்து ஒரு ரிசார்ட்காரர் வண்டி வாங்க வந்தார். ஒரு வயலில் தண்ணீர் விட்டு இரண்டு வண்டிகளையும் ஓட்டிக் காட்டினார்கள். முன்னால் சுறா வந்தது, பின்னால் வேங்கை வந்தது. இரண்டுக்கும் ஒரே மூக்கு.

"இது ரெண்டும் ஒரே கம்பெனியா?" என்று கேட்டுவிட்டு ரிசார்ட்காரர் விலையை விசாரித்தார். குறைந்த விலை சொன்ன முருகதாஸுக்கு ஆர்டர் போயிற்று.

ஸ்ரீஜித் சேற்றில் இறங்கி வேங்கையின் அருகே போனான். மூக்கைக் கையால் துடைத்துப் பார்த்தான். இடது பக்கத்தில் பயறு அளவுக்கு ஒரு பள்ளம்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் அவன் சத்தம் போடவில்லை.

"அண்ணே, அந்தப் பழைய பாடி எங்க?"

"வீட்டுல கெடக்கு மொதலாளி. கோழி அடையிருக்கு."

"முருகதாஸ் வந்தாரா?"

"வந்தாரே. மோல்டு எடுத்தாரு. அவருக்க ஆளுக்கு மெழுகு தேய்க்கவே தெரியல்ல கேட்டியளா. நான்தான் தேச்சு குடுத்தேன்."

வெல்டிங் அடித்துக்கொண்டிருந்த பையன்கள் கையை நிறுத்தினார்கள்.

"எவ்வளவு வாங்குனீரு?"

அண்ணே என்பது போய்விட்டதைச் சிலுவை அப்போதுதான் கவனித்தார். "வாங்கவா? ஒரு கொல மட்டிப்பழம் கொண்டாந்தாரு. வீட்டுல பிள்ளையளு தின்னு தீத்துட்டு."

"ஒரு கொல மட்டிப்பழத்துக்கு என்னைய வித்துட்டீரு."

"விக்கல்ல மொதலாளி. கேட்டாரு, குடுத்தேன். நல்லா இருந்தா கேக்கத்தான செய்வான்? நமக்குப் பெருமதான அது?"

ஸ்ரீஜித் கையிலிருந்த சேற்றைப் பழந்துணியில் துடைத்தான். பொய் சொல்லியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. "இது வள்ளம் இல்ல ஓய். இது கம்பெனி. நாளைக்கு வரண்டாம்."

சிலுவை மறுநாளும் போனார். கேட்டைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பூதப்பாண்டிக்குப் பஸ் ஏறினார். முருகதாஸ் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்தார்.

"எனக்க பேருல வெசனப்படாதயும் சிலுவை. நீரு நல்ல மனுசன். ஆனா சுறாவுக்க மூக்க எனக்குத் தந்த ஆளு, எனக்கத நாளைக்கு எவன் கேட்டாலும் குடுப்பீருல்லா?"

"கேட்டாக் குடுக்கதுதானே..." என்று தொடங்கிய சிலுவை பாதியில் நிறுத்திக்கொண்டார். முருகதாஸ் டீக்குக் காசு கொடுக்க எழுந்தார்.

பிறகு தண்ணீர்த் தொட்டி செய்கிற கம்பெனிக்குப் போனார், பைபர் கதவு செய்கிற இடத்துக்குப் போனார். எங்கே போனாலும் பேச்சு அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. "சுறா மோல்டு வித்த ஆளா?" என்பார்கள். விற்கவில்லை என்று முதலில் விளக்கிச் சொல்லிப் பார்த்தார். போகப் போக, ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினார். ஞானசெல்வி மீன் சுமக்கப் போனாள். கரையில் வள்ளக்காரர் ராஜமணி கடலுக்குப் போக ஆள் கேட்டு வந்தபோதெல்லாம் அவளே குறுக்கே நின்று, "அவருக்கு மேலுக்குச் சொகமில்ல" என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த வருசம் வெளியூர்க் கம்பெனி ஒன்று தவணை முறையில் குவாட் பைக் விற்கத் தொடங்கியது. வட்டக்கோட்டைப் பக்கம் சவாரி விடுகிறவர்கள் எல்லாரும் அதற்கு மாறிவிட்டார்கள். சுறாவும் போகவில்லை, வேங்கையும் போகவில்லை. கடைசியில் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து சிலுவை பார்த்தார். ஸ்ரீஜித்தின் ஷெட் வாசலில் புது போர்டு. ஒரு பக்கம் சுறா, ஒரு பக்கம் வேங்கை, நடுவில் குலுக்கிக்கொண்ட இரண்டு கைகள்.

அவருக்கு மனசு துள்ளியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார். நான் சொன்னது சரிதானே, கரையேறினால் எல்லாம் ஒன்றுதானே என்று நடந்துகொண்டே தனக்குள் சொல்லிக்கொண்டார். சண்டை தீர்ந்தால் அந்தச் சண்டையால் வந்ததும் தீரத்தானே வேண்டும்.

உள்ளே ஸ்ரீஜித்தும் முருகதாஸும் ஒரே பார்சலைப் பிரித்துப் பரோட்டா தின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் புது வண்டி நின்றது. அதே மூக்கு. பள்ளத்தை யாரோ பட்டி வைத்து அடைத்திருந்தார்கள்.

"வாரும் சிலுவை" என்றார் முருகதாஸ்.

"ரெண்டு பேரும் சேந்துட்டிய. சந்தோசம்." சிலுவை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பைபர் வேலைக்கு ஆளு வேணும்லா. நான் நாளைக்கே வாறேன்."

ஸ்ரீஜித் பரோட்டாவைப் பிய்த்தபடியே இருந்தான். முருகதாஸ்தான் பேசினார்.

"நாங்க ஒண்ணு சேர எத்தன நாளு உக்காந்து பேசினோம் தெரியுமா? இன்ஜினுக்குச் சண்ட, பேருக்குச் சண்ட, போர்டுல எவன் படம் எடப்பக்கம்னு அதுக்கும் சண்ட. ஒம்ம விசயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் சண்டையே வரல்ல. சிலுவைய எடுக்கண்டாம்னு இவன் சொன்னான், நானும் சரின்னுட்டேன்."

"நான் என்ன செஞ்சேன்?" என்றார் சிலுவை. அதைச் சண்டையாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

"தெரிஞ்சு ஒண்ணும் செய்யல்ல. அதாக்கும் பயமே" என்றான் ஸ்ரீஜித். "சாப்பிட்டுட்டுப் போறீரா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ராஜமணி அடுத்த முறை வந்தபோது ஞானசெல்வி குறுக்கே நிற்கவில்லை. விடியும் முன் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு சிலுவையின் பின்னால் கரை வரைக்கும் நடந்து வந்தாள். சத்தியத்தைப் பற்றி அவள் பேசவில்லை, அவரும் பேசவில்லை. போகிற வழியில், கவிழ்ந்து கிடந்த பழைய வள்ளத்தை ராஜமணி தட்டிப் பார்த்தார்.

"ஏலே சிலுவை, நல்ல வள்ளம்லா இது. ஒரு மோல்டு எடுத்துக்கிடட்டா?"

சிலுவை நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். ராஜமணி என்னவோ ஏதோ என்று ஞானசெல்வியைப் பார்த்தார்.

"என்ன மக்கா, கேக்கப்பிடாததயா கேட்டுட்டேன்?"

"நீங்க எடுத்துக்கிடுங்கண்ணே" என்றாள் அவள்.

சிலுவை அந்த வள்ளத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து ராஜமணியின் வள்ளத்தில் தோள் கொடுத்துத் தள்ளினார். அலை வந்து போயிற்று. அடுத்த தள்ளலில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியது.