அத்தை பார்த்துவைத்த கார்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அத்தைக்குக் கார் ஆசை வந்தது. அத்தை, அப்பாவின் தங்கை. மாமா இறந்தபின் பாலக்கரையில் எங்கள் வீட்டோடு இருந்தாள். புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. அப்பாவோ சித்தப்பாவோ பைக்கில் கொண்டுவிட்டு அழைத்துவருவார்கள். அவர்கள் வரும்வரை ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாள்.

சொந்தச் சம்பளத்தில் வாங்க, யாரோ ஓட்டிய சின்ன கார் ஒன்றைப் பார்த்துவைத்திருந்தாள். ஆனாலும் அப்பா சரி என்றால்தான் உண்டு. அப்பா நியாயஸ்தர். எடுத்தவுடனே வேண்டாம் என்று சொல்ல மாட்டார். நோட்டில் நடுவே கோடு போட்டு, நிறை ஒரு பக்கம், குறை ஒரு பக்கம் எழுதச் சொல்லி என்னிடம் பென்சிலைக் கொடுத்தார். என் கையெழுத்தின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை காலை, காரை உரியவரிடம் கேட்டு வாங்கிவந்து, ஓட்டிப் பார்க்க ஸ்ரீரங்கம் கிளம்பினோம். முன்னால் ஓட்டுவதற்கு அத்தை, பக்கத்தில் அப்பா. பின்னால் சித்தப்பா, சித்தி, அம்மா, அம்மா மடியில் நான். குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்பார்கள். எங்கள் சுற்றம் மொத்தமும் காருக்குள் நெருக்கி உட்கார்ந்துகொண்டுதான் குற்றம் பார்த்தது.

காவிரிப் பாலத்து ஏற்றத்தில் கார் திணறியது.

"இழுக்கல. எழுதிக்க பாப்பா" என்றார் அப்பா.

"ஆறு பேர ஏத்திக்கிட்டு ஏசியும் போட்டா எப்படிண்ணே இழுக்கும்?" என்று அத்தை ஏசியை அணைத்தாள். கார் ஏறிவிட்டது. இது நிறையா, குறையா? யாரும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் எழுதிவைத்தேன்.

அதற்குப் பிறகு எல்லாமே அப்படித்தான். கார் சின்னது என்பது அப்பாவுக்குக் குறை. மணப்பாறைப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பமாகப் போக முடியாதாம். "நம்ம தெருவுக்கு இதுதாங்க லாயக்கு" என்றாள் அம்மா. பெட்ரோல் கொஞ்சமாகத்தான் குடிக்கும் என்று சித்தி சொன்னால், தகரம் மெல்லிசு, அதனால்தான் என்றார் சித்தப்பா. டிக்கியில் ஓர் அரிசி மூட்டைகூட வைக்க முடியாது என்றும் சொன்னார். "நான் என்ன அரிசி யாவாரமா பண்றேன்?" என்றாள் அத்தை. உத்தர வீதியில் இரண்டு வேன்களுக்கு நடுவே ஒரே ஒடிப்பில் அவள் காரை நிறுத்தியபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. சித்தப்பா மட்டும் ஹாரன் சத்தம் போதாது என்றார்.

வீடு வந்ததும் அப்பா எண்ணச் சொன்னார். எட்டுக்கு எட்டு.

"ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள் அத்தை. "நெனச்சப்ப கிளம்பலாம். யாரு வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு நின்னுக்கிட்டு இருக்க வேணாம்."

நான் நிறைப் பக்கம் பென்சிலை வைத்தேன்.

"அத குறையில எழுது" என்றார் அப்பா. கோபம் இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னார். எழுதினேன். குறை ஒன்பது ஆயிற்று. அத்தை சாவியை எடுத்துக்கொண்டு, காரை உரியவர் வீட்டில் விட்டுவரக் கிளம்பினாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எவ்வளவு பெரிய நிறை அது. அப்பா அவசரத்தில் பக்கம் மாற்றிச் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ரப்பரால் அழித்துவிட்டு, அந்த வரியை நிறைப் பக்கத்தில் அழகாக எழுதினேன். அத்தை வந்ததும் ஓடிப்போய் நோட்டைக் காட்டினேன்.

"இப்ப நிறைதான் ஒம்பது அத்தை. வாங்கிடலாம்."

அத்தை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். நான் பயந்துபோனேன். குறைப் பக்கத்தில் பழைய எழுத்து இன்னும் லேசாகத் தெரிகிறதோ என்று நினைத்து, மறுபடியும் ரப்பரை எடுத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தேன்.