பத்து நிமிடத்தை நான் இருபத்து நான்கு மணி நேரமாக மாற்றியது

1. பொருத்திய நாள்

அலாரம் வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்காக ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். என்னிடம் எழுத இது ஒன்றுதான் இருக்கிறது.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில்தான் முதன்முதலாகத் தனியாகக் கம்யூனிகேட்டர் பொருத்தினேன். அலாரம் பேனலுக்குள் உட்காரும் உள்ளங்கை அளவு போர்டு அது. புகை வந்தால் பேனல் சைரனை அடிக்கும். கம்யூனிகேட்டர் சிம் கார்டு வழியாகக் கோயம்புத்தூர் கன்ட்ரோல் ரூமுக்குச் செய்தி அனுப்பும். ஒன்றும் நடக்காவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, தான் உயிரோடு இருப்பதாக ஒரு சிக்னல் அனுப்ப வேண்டும். அது நின்றால் ஃபேக்டரிக்கும், சர்வீஸ் பார்க்கிற எனக்கும் போன் வரும். போன் வந்ததும், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து இன்னொரு ஆளைக் கூப்பிட்டு, சிக்னல் திரும்பும்வரை வாட்ச்மேனுக்குத் துணையாக உட்காரவைப்பது அந்த ஃபேக்டரியின் வழக்கம்.

பேனல் கதவைத் திறந்துவைத்தும் மூடிவைத்தும் சிக்னல் பார்த்தேன். அக்கவுன்ட் நம்பரை மூன்று தடவை சரிபார்த்தேன். பஸ் ஏறியபிறகு சந்தேகம் வந்து, இறங்கித் திரும்பப் போனேன். எல்லாம் சரியாகவே இருந்தது. வாட்ச்மேன் செல்வராஜ் அண்ணன் சிரித்தார்.

"ஏனுங்க அம்மணி, அடுப்ப அணைச்சமான்னு ஊட்டுக்கு ஓடுற மாதிரியல்ல ஓடி வர்றீங்க!"

2. டைம் மாற்றியது

மழைக்காலம் தொடங்கியது. எங்கள் மலையில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போகும், பிறகு விட்டுவிட்டு வரும். ஒரே நாளில் ஏழெட்டு போன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"இது அலாரமா, பால் குடி மறக்காத கொழந்தையாங்க? எந்நேரமும் அழுதுட்டே இருக்குது. ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளைக் கூட்டியாந்து உக்கார வெக்கோணுமா? அந்த போன நிறுத்துங்க முதல்ல."

கூரைமேல் வெளி ஆன்டெனா வைக்க வேண்டும், வேறொரு கம்பெனி சிம்மை இரண்டாவதாகப் போட வேண்டும். குன்னூர் ஆபீசில் எங்கள் முதலாளியிடம் அதைச் சொன்னேன்.

"மலையில எல்லாரும் இருபத்துநாலு மணி நேரம்தாம்மா வெச்சிருக்காங்க. உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? போயி மாத்திட்டு வா."

அவர் சொன்னதால்தான் செய்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த வாரம் என் இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்துத் தூங்கவைத்தால், கன்ட்ரோல் ரூம் போன் அடித்து எழுப்பிவிடும். அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்று நானும்தான் நினைத்தேன். லேப்டாப்பைப் பேனலில் மாட்டி, 10 நிமிடம் என்று இருந்த இடத்தில் 1440 என்று அடித்தேன்; இருபத்து நான்கு மணி நேரம். இரண்டு நிமிட வேலை. மேனேஜர் டீ வரவழைத்துக் கொடுத்தார்.

3. ஞாயிற்றுக்கிழமை

பதினெட்டு நாள் கழித்து, ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு டவர் போனது. கம்யூனிகேட்டர் ஊமையானது. இருபத்து நான்கு மணி நேரம் ஆகவில்லை என்பதால் யாருக்கும் போன் வரவில்லை. துணைக்கு ஆளும் வரவில்லை.

மதியம் கரண்ட் போய் வந்ததில் ஒரு மோட்டார் கருகி, தூளைத் தரம் பிரிக்கும் சார்ட்டிங் ரூமில் பஞ்சு போலப் படிந்திருந்த தேயிலைத் தூசி பற்றிக்கொண்டது. சைரன் அடித்தது. லைன் வீடுகள் தூரம், பெருமழை வேறு; அங்கே யாருக்கும் கேட்கவில்லை. தீப்பிடித்தால் ஒருவர் மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகே மற்றவர் கதவைத் திறக்க வேண்டும் என்பது அங்கே விதி. செல்வராஜ் அண்ணன் தனி ஆள். பதறிப்போய்க் கதவைத் திறந்தார். உள்ளே இருந்த நெருப்பு வெளியே பாய்ந்தது. இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்துபோயின.

மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸில் வாக்கியங்களைக்கூட மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன். வராந்தாவில் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா உட்கார்ந்திருந்தார்.

"விதிய மீறித் தனியாக் கதவத் தொறந்தாராமா, தப்பு அவரு பேர்லதானாமா. மேனேஜரு எழுதிட்டாருங்க," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, சிக்னல் இல்லீன்னா போன் வருமே, தொணைக்கு ஆள் வருமே. அன்னைக்கு மட்டும் உங்க மிசினு எதுக்குங்க தூங்குச்சு?"

"டவர் போயிருச்சுங்க அக்கா," என்றேன்.

அது பொய்யில்லை. வேலை போனால் மகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது.

"டவருக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்," என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

4. பிறகு

இரண்டு மாதம் கழித்து, பேனலின் ஈவென்ட் லாக்கைப் பிரின்ட் எடுத்து மேனேஜர் மேசையில் வைத்தேன். நான் டைம் மாற்றிய நாளும் மணியும் அதில் இருந்தன. அவர் படிக்காமலே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஃபைல மூடியாச்சுங்க. செல்வராஜும் ஊட்டக் காலி பண்ணிட்டு காரமடைப் பக்கம் போயிட்டான். இப்ப வந்து எதுக்குங்க கிளர்றீங்க?"

எங்கள் முதலாளியிடமும் காட்டினேன். "அதக் கிழிச்சுப் போடும்மா" என்றார். நான் கிழிக்கவில்லை. அதனால் யாருக்கு என்ன பயன் என்றும் தெரியவில்லை.

கஸ்டமர் கத்தினால் ஆன்டெனாவை உயர்த்துங்கள், சிம்மை மாற்றுங்கள். டைமில் மட்டும் கை வைக்காதீர்கள். வைத்துவிட்டீர்கள் என்றால், கேட்கிறவர் கேட்கிற அந்த நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொல்வதை வாங்கிக்கொள்ள ஆள் இருப்பதில்லை.

செல்வராஜ் அண்ணனின் நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிடப் பலமுறை போனை எடுத்திருக்கிறேன். மணி அடித்தால் அந்தக் கைகளால் போனை எப்படிப் பிடிப்பார் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. வைத்துவிடுகிறேன்.