காலி விழுந்த வரிசைக்கு வழி சொன்னவன்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இரும்புலியூரில் நட்டு போல்ட் கடை, நானே வெல்டிங் வைத்து நிறுத்திய நாற்பது ரேக்குகள், மாடம்பாக்கத்தில் மாடி வீடு, எல்லாம் இந்தக் கையால் எழுந்தவை. அவற்றோடு கேளம்பாக்கத்து ஐ.டி. கம்பெனி ஒன்றின் புரோகிராமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

என் மாடியில் குடியிருந்த சார் அங்கேதான் வேலை பார்த்தார். ஐம்பதை நெருங்கியவர். அவர் எழுதிய புரோகிராம் திடீரென்று இழுத்து இழுத்து ஓட, வாரக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். வெளுத்த முகத்தோடு கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இன்னா சார், மூஞ்சி பேஜாரா கீது?"

"சொன்னா உங்களுக்குப் புரியாதுண்ணா."

"நாப்பது ரேக்கு கட்டுனவன் சார் நானு. சொல்லித்தான் பாரேன்."

சொன்னார். புரோகிராமை ஓட்டும் ரன்டைம், தகவல்களை அறை அறையாக அடுக்கிய வரிசைகளை வகை பிரித்து வைத்திருக்குமாம். எல்லாம் முழு எண்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும். பல வகை கலந்திருந்தால் ஒவ்வொன்றையும் இன்னதென்று பார்த்துத்தான் எடுக்கும். நடுவில் ஓர் அறை காலியானாலோ, அந்த வரிசைக்கே 'ஓட்டை' என்று குறி போட்டு, அறை அறையாகச் சோதிக்கும். "அந்தக் காலியை ரொப்பிட்டேன்ணா. அப்பவும் ஸ்லோவாத்தான் இருக்கு."

என் கடையில் காலி விழுந்த ரேக்கில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுவேன், பார்த்துக் கையை விடு என்று. பிறகு நிரப்பினாலும் பெயிண்டை யார் சுரண்டப்போகிறார்கள்?

"என் ரேக்குல அடிச்ச செவப்புக் குறி, ரொப்புனா பூடுமா சார்? உன்துக்கும் அப்டித்தான். புது ரேக்கு போடு. நடுவுல காலி வுடாம ஒண்ணொண்ணா ஏத்து."

அன்று மாலையே புரோகிராம் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆபீஸ்ல உங்க பேரைச் சொல்லுவேண்ணா" என்றார்.

சொன்னாரோ என்னவோ. தவறைத் திருத்திய பிறகும் மேலாளர் அவர்மேல் போட்ட குறி அழியவில்லை. ஆள்குறைப்புப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. சில மாதங்களில் மாரடைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து உடலை நான்தான் கொண்டுவந்தேன்.

துக்கத்துக்கு வந்த ஆபீஸ்காரர் ஒருவர், புதிதாகச் சேர்பவர்களுக்கு நடத்தும் பாடத்தைச் செல்போனில் காட்டினார். ரேக்குப் படம், சிவப்புக் குறி, கீழே மேலாளர் பெயர். சாரின் மனைவி அதைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் சொன்னதற்கு இருந்த ஒரே சாட்சியைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தாயிற்று. அதனால் நானே எழுதுகிறேன். அந்தப் பாடத்தில் மேலாளர் பெயரை அடியுங்கள். சார் பெயரைப் போடுங்கள். பக்கத்தில் என் பெயரையும் போடுங்கள், அதே அளவு எழுத்தில்.