ட்வைலாவுக்கு ஒரு பாடம் பாக்கி

ட்வைலா கிட்ரியைப் படிப்பைப் பாதியில் விட்டவள் என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதியாவது மண்ணாவது! இருபது பாடத்தில் பத்தொன்பதை முடித்தவள் அவள். லூசியானாவில், எங்கள் ஊர் சமுதாயக் கல்லூரியில், மீட்டர் தொழில்நுட்பத்தில் இரண்டு வருடப் பட்டம் என்றால் அப்போதெல்லாம் அப்படித்தான். மார்ச் மாதம் எண்ணெய், ரசாயன பிளான்ட்காரர்கள் வண்டி போட்டுக்கொண்டு வருவார்கள். கைவேலைப் பாடங்களை முடித்தவர்களை அங்கேயே பேசி, அள்ளிக்கொண்டு போவார்கள். பட்டம் கொடுக்கிற மே மாதம் வரை எவன் காத்திருப்பான்? வீட்டு வாடகை காத்திருக்குமா?

அவளுக்குப் பாக்கி நின்றது ஒன்றே ஒன்று, மேடைப்பேச்சுப் பாடம். நாலு பேர் முன்னால் நின்று பேசக் கற்றுக்கொடுப்பார்களாம். குழாய்க்குள் அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று பார்க்கிறவளுக்கு மேடை எதற்கு? சிரித்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள். நானும் நாலு வருடம் கழித்து அப்படி வந்தவன்தான். எனக்கு இரண்டு பாடம் பாக்கி. இருவருக்கும் ஒரே பட்டறை, பதினைந்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை.

இந்த ஜனவரியில் எங்கள் ஃபோர்மன் ஓய்வு பெற்றார். அடுத்தது ட்வைலாக்காதான் என்று பூனைக்குக்கூடத் தெரியும். பிளான்ட்டின் இருநூறடி இரும்புக் கோபுரத்தில் காற்று அடிக்கும்போது ஏறி, வால்வு சிக்கியிருப்பதைச் சத்தத்தை வைத்தே சொல்கிறவள். ஆனால் கம்பெனி கைமாறி, ஹூஸ்டனிலிருந்து விட்கம்ப் என்று ஒரு புது ஆபீசர் வந்திருந்தார். நான் யூனியன் ஆள் என்பதால், அவரைப் பார்க்கப் போனபோது ட்வைலா என்னையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"பத்தொன்பது வருஷமா இங்கதான் சார் இருக்கேன்."

"தெரியும் மேடம். ஆனா கம்ப்யூட்டர்ல பட்டம்ங்கிற கட்டம் காலியா இருக்கே. அது காலியா இருந்தா உங்க மனுவ நான் மேல அனுப்பவே முடியாது. மே மாசக் கடைசிக்குள்ள பேப்பர கொண்டாந்தா பாக்கலாம்."

வெளியே வந்ததும் நான் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவள் திட்டவில்லை. மறுநாள் அறுநூறு டாலர் கட்டி அந்த ஒரு பாடத்தில் சேர்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக் கொல்லையில் நண்டும், கிராஃபிஷ் என்கிற ஆற்று இறாலும் அண்டாவில் வெந்துகொண்டிருந்தபோது அவள் தம்பி டட்லிக்கு விஷயம் தெரிந்தது. நாலு வருடப் பட்டம் வாங்கி லாஃபயெட் நகரத்தில் மெத்தைக்கடை மேனேஜராக இருக்கிறவன்.

"ஏன்க்கா, நாப்பத்தாறு வயசுல பள்ளிக்கூடமா? அறுநூறு டாலர் தண்டம். அது என்ன பெரிய காலேஜா? சும்மா டுடோரியல்!"

"உன் படிப்புக் கடன் எவ்வளவுடா பாக்கி?"

"அது... முப்பத்தோராயிரம்."

"வாய மூடிட்டு நண்ட உரி."

பேசியது என்னவோ சுளுவாகத்தான். ஆனால் வகுப்பில் முதல் தடவை எழுந்து நின்றபோது நாக்கு ஒட்டிக்கொண்டதாம். பூடேன் என்கிற எங்கள் ஊர்ப் பலகாரம் செய்வது எப்படி என்பதுதான் பேச்சு. அரிசியையும் பன்றி ஈரலையும் குடலில் அடைக்கிற அந்த வேலையை அவள் வாரா வாரம் செய்கிறவள். இரண்டு வரி சொல்லிவிட்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டு வயதுப் பெண்கள் குனிந்து போனைப் பார்த்தார்களாம், அவளைப் பார்க்கப் பாவமாக இருந்ததால்.

"எல்டன், கோபுரத்துல ஏறும்போது நடுங்காத காலு, அங்க நடுங்குதுடா," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வந்துவிட்டது.

கடைசிப் பேச்சில் தேறினால்தான் பாஸ். பேச்சைக் கேட்க ஆளுக்கு ஒரு வெளியாளை அழைத்து வரவேண்டும் என்று ஆசிரியை ரெனாட்டா ஃபுஸிலியர் சொல்லியிருந்தார். பாவம், மூன்று கல்லூரிக்கு ஓட்டை வண்டியில் ஓடி ஓடிப் பாடம் எடுக்கிற பெண். ட்வைலா என்னை அழைத்துப் போனாள். அவள் எடுத்த தலைப்பு: இந்த இரண்டு வருடத் தொழிற்பட்டம் கட்டுகிற காசுக்குத் தகுமா?

கையில் சின்னச் சின்ன அட்டைகள். ஏதோ ஆராய்ச்சி, சராசரி, சதவீதம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. போச்சு என்று நினைத்தேன்.

முன் வரிசையில் ஜோலி என்று ஒரு பெண் கையைத் தூக்கினாள். "நீங்க சொன்ன அதே ஆராய்ச்சியில, படிச்சு முடிச்சவங்களுக்கும் முடிக்காம போனவங்களுக்கும் சம்பளம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு போட்டிருக்கே ஆன்ட்டி. அப்புறம் எதுக்கு முடிக்கணும்?"

ட்வைலா அட்டைகளை மேஜையில் வைத்தாள். முகம் சிவந்தது. அந்தச் சிவப்பை எனக்குத் தெரியும். வால்வு திறக்காதபோது வருவது அது.

"நல்லாக் கேட்ட. சம்பளம் ஒண்ணுதான். போன வருஷம் எனக்கு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டாலர், ஓவர்டைமோட."

போனைப் பார்த்துக்கொண்டிருந்த தலையெல்லாம் நிமிர்ந்தது. எங்கள் ஊரில் அப்பன்கூட மகனுக்குச் சம்பளத்தைச் சொல்லமாட்டான். ரெனாட்டாவின் பேனா அப்படியே நின்றது. அவர் மூன்று கல்லூரியிலும் சேர்த்து வாங்குவது அதில் கால்வாசிகூட இருக்காது.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் காச ஒரே ஒருத்தன்தான் எனக்குக் குடுப்பான். மூணு வருஷத்துக்கு முன்னாடி கொஞ்ச காலம் ஓவர்டைம நிறுத்துனான். பொண்ணுக்கு அப்ப ஆபரேஷன். ரோட்டுக்கு எதிர்ல இருக்கிற பிளான்ட்டுல போய்க் கேட்டேன். பேப்பர் எங்கன்னான். மேல ஏறிக் காட்டுறேன்னேன். ஏற வேணாம், பேப்பர் எங்கன்னான். தலையத் தொங்கப் போட்டுட்டுத் திரும்பி வந்தேன். அன்னிக்கு என் முதலாளிக்குத் தெரிஞ்சுபோச்சு, இவளுக்குப் போக்கிடம் இல்லன்னு. அதுக்கப்புறம் அவன் சொன்னதுதான் சட்டம். முடிச்சவளுக்கும் முடிக்காதவளுக்கும் அதுதாம்மா வித்தியாசம். உன் ஆராய்ச்சியில அதுக்கு ஒரு கட்டம் போட்டிருக்கானா?"

கால் நடுங்கியதா என்று பார்த்தேன். அவள் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். ஐந்து நிமிடப் பேச்சு, பதினொரு நிமிடம் போனது. நேரம் தாண்டியதற்கு ரெனாட்டா மார்க்கைக் குறைத்தார். ஆனாலும் பாஸ்!

மே இருபத்தெட்டாம் தேதி பேப்பரோடு விட்கம்ப் முன்னால் உட்கார்ந்தோம். அவர் கைகொடுத்தார், வாழ்த்தினார், ஒரு தாளை நகர்த்தினார். ஃபோர்மன் வேலை. மாதச் சம்பளம். வருடத்துக்குத் தொண்ணூற்றெட்டாயிரம். ஓவர்டைம் கிடையாது.

"பதினாலாயிரம் குறையுதே சார்."

"மாதச் சம்பளக்காரங்களுக்கு ஓவர்டைம் இல்ல மேடம். ஆனா ஃபோர்மன்ங்கிற மரியாதை இருக்குல்ல?"

"பிளான்ட்ட நிறுத்திப் பழுது பாக்குற ஆறு வாரமும் பன்னண்டு மணி நேரம் நிக்கப்போறது நான்தான?"

"ஆமா."

"மரியாதைய வச்சு வீட்டு வரி கட்ட முடியாது சார். மணிக்கூலியில குடுங்க, எடுத்துக்கிறேன்."

விட்கம்ப் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன், பழக்கப்பட்ட சிரிப்பு. "பிடிக்கலன்னா பழைய மேஜையிலயே இருங்க மேடம். எங்க போகப்போறீங்க?"

எனக்குக் காது சூடேறியது. ட்வைலா பையைத் திறந்து ஒரு உறையை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். எதிர் பிளான்ட்டின் கடிதம். அதே ஃபோர்மன் வேலை, மணிக்கு ஐம்பத்தைந்து டாலர், ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. முந்தின வெள்ளிக்கிழமையே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கே சொல்லவில்லை, கள்ளி!

விட்கம்ப் அதை இரண்டு தடவை படித்தார். சிரிப்பு போய்விட்டது. "ஒரு நாள் டைம் குடுங்க. மேல பேசிப் பாக்குறேன்."

"பத்தொன்பது வருஷம் குடுத்தேன் சார்," என்றாள் ட்வைலா. ஹெல்மெட்டையும் கேட் அட்டையையும் அவர் மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.