ஆவியக்காவுக்கு யார் சாட்சி?

ஆவியக்கா என்றதும் பயப்பட வேண்டாம், நீராவிதான். அறுவை சிகிச்சைக்கான கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டி, ஆளுயர ஆட்டோகிளேவில் ஏற்றி, ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்குவது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் அவளுக்கென்று ஓர் அறை. பிறந்த அன்று, பேறு பார்த்தவளைக் கைகழுவிவிட்டு வரச் சொன்ன பிறகுதான் முதல் அழுகையே அழுதாளாம். அவள் அம்மா சொன்னது. கொஞ்சம் குறைத்தே எழுதியிருக்கிறேன்.

அவளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதற்காகச் சண்டையும் கிடையாது. இருக்கிறார் என்று யாராவது சொன்னால் "சரி" என்பாள், அடுத்த மூட்டையைக் கட்டுவாள். வீட்டுக்காரர் பெரிய பக்திமான். பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை வைப்பதுபோல, மேலே அவளுக்கும் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார்.

புதிதாக வந்த மேட்ரனுக்குத்தான் இது தொண்டையில் முள். வேலை தொடங்குமுன் எல்லோரும் கண்மூடிப் பிரார்த்திக்கையில், இவள் மட்டும் கீழே தன் அறையில் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த அறைக்கு மேற்பார்வை கிடையாது. அவள் எழுதுவதுதான் பதிவு. மேலே ஒருவர் பார்க்கிறார் என்ற பயம் இல்லாதவளை அங்கே எப்படித் தனியாக விடுவது? ஒரு பிசகு வந்தாலும் சலவைப் பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஆவியக்காவுக்கு அந்த அறையை விட்டால் கை எங்கே வைப்பதென்றே தெரியாது. அன்று வீட்டில் சாப்பிடாமல் படுத்தாள்.

பிசகு மூன்றாவது வாரமே வந்தது. ஒவ்வொரு தடவையும் அடுக்கின் நடுவில் ஒரு சோதனை மூட்டை இருக்கும். அதற்குள் ஒரு காகித ஸ்ட்ரிப். ஆவி உள்வரை போயிருந்தால் அது கறுக்கும். அதைப் பிரித்துப் பார்த்த பிறகே மற்ற மூட்டைகள் வாசலைத் தாண்டலாம். அன்று ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் மேல் போன். மூட்டைகளின் வெளியே ஒட்டிய, சூடு பட்டாலே கறுக்கும் டேப்பை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டாள். பிறகு நடுமூட்டையைப் பிரித்தால், ஸ்ட்ரிப் பாதி கறுப்பு, பாதி வெளிறிய சாம்பல். ஆவி நுழைய வழியில்லாமல் இறுக்கி அடுக்கியது அவளேதான்.

அறையில் வேறு யாருமில்லை. ஸ்ட்ரிப் சுண்டுவிரல் அகலம். கோட்டுப் பையில் போட்டால் போயிற்று. அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்று பின்னால் நான் கேட்டதற்கு, செருப்பைத் தேடினேன் என்றாள்.

நான்கு மாடியை ஆறே தாவலில் ஏறினாள் என்று காவலாளி சத்தியம் செய்கிறார். எட்டு என்று வைத்துக்கொள்வோம். வயிற்று ஆபரேஷனுக்காக மேசையில் படுத்திருந்தவருக்கு மயக்க மருந்து கொடுத்தாயிற்று. கத்தி இன்னும் தோலைத் தொடவில்லை. டாக்டர் திட்டியதை அச்சில் போட முடியாது. முப்பத்தாறு மூட்டையும் கீழே திரும்பின.

மாலையில் மேட்ரன் கூப்பிட்டார். மாற்றல் உத்தரவு தட்டச்சாகி மேசையில் கிடந்தது. யாரும் பார்க்கவில்லையே, ஏன் வந்து சொன்னாய் என்று கேட்டார். கோபத்தில் இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

"நீங்க தப்புப் பண்ணினா கடவுள்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத் தூங்கலாம் மேடம். எனக்கு அந்த வசதி இல்ல. வயிறு அந்த ஆளோடது. மன்னிக்கிறதுன்னா அவர்தான் மன்னிக்கணும். அதுக்கு அவர் உசிரோட இருக்கணுமே."

"வாய் கொஞ்சம் ஜாஸ்திதான் உனக்கு" என்றார் மேட்ரன். உத்தரவைக் கிழிக்கவில்லை, இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அறை அவளுக்கே. ஆனால் இனி ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்கும் இரண்டு கையெழுத்து. இரண்டாவதைப் போட, தெய்வபயம் உள்ளவளாகப் பார்த்து, காலைப் பிரார்த்தனையை நடத்துகிற மூத்த நர்ஸை நியமித்தார்.

மறுநாள் அந்த நர்ஸ் வந்தாள். ஸ்ட்ரிப் இன்னும் மூட்டைக்குள்ளேயே இருக்க, பதிவேட்டில் அன்றைக்கான எல்லாக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினாள்.

"நீதான் பார்த்திருப்பியே. உன்னை எனக்குத் தெரியாதா?"

பத்தொன்பது வருடத்தில் ஆவியக்காவின் குரல் உயர்ந்தது அன்றுதான்.

"என்னை நம்பாத. அதைப் பாரு."

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் நர்ஸ் மூக்குக்கண்ணாடியோடு வந்து, ஸ்ட்ரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வேண்டுமென்றே ஐந்து நிமிடம் பார்த்தாள். ஆவியக்கா கால் மாற்றி நின்று காத்திருந்தாள்.